நெஞ்சைத் திறப்பதற்கு முன்னால்

வால்வு மாற்றும் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டு வருகிறவரை இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் முதலில் அனுப்புவது பல் டாக்டரிடம். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், ஓ.பி. சீட்டில் பல் பிரிவு என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் வரிசையில் வந்து நின்றார். "சீட்டு மாறிப்போச்சு போலிருக்கும்மா. எனக்கு நெஞ்சுலதான் கோளாறு" என்றார். சிஸ்டர் எழுதுவதை நிறுத்தவில்லை. "உங்க சீட்டுதாங்கய்யா. பல்லைக் காட்டிட்டு வாங்க, அப்புறந்தான் தேதி."

சொத்தைப் பல்லிலும் வீங்கிய ஈறிலும் குடியிருக்கும் கிருமிகள், பல் துலக்கும்போதும் மெல்லும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலந்துகொண்டேதான் இருக்கின்றன. பழுதில்லாத இதயத்தில் அவற்றுக்கு ஒட்டிக்கொள்ள இடம் கிடைப்பது அபூர்வம். புதிதாகத் தைத்த வால்வில் எளிதாகக் கிடைத்துவிடும். அங்கே ஒருமுறை படிந்துவிட்டால் வாரக்கணக்கில் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், மாற்றிய வால்வையே மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே ஆடுகிற பல்லைப் பிடுங்குவது, சொத்தையை அடைப்பது, ஈறைச் சுத்தம் செய்வது எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். புண் ஆறுவதற்கும் நாள் விட வேண்டும். பல்லைத் தள்ளிப்போட்டவரின் ஆபரேஷன் தேதியும் தள்ளிப்போகும்.

தியேட்டருக்குள் நடப்பது பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து மணி நேர வேலை. அதற்கு முந்தைய வாரங்களில் நோயாளியும் வீட்டாரும் பார்த்து முடிக்க வேண்டிய வேலை அதைவிட நீளமானது. சர்ஜன் யார், ஆஸ்பத்திரி எது என்று ஊரெல்லாம் விசாரிப்பவர்கள், இந்த இரண்டாவது வேலையைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை.

எந்த வால்வு, ஏன் கெட்டது?

இதயத்தில் நான்கு வால்வுகள். ரத்தத்தை ஒரே திசையில் மட்டும் போகவிடும் கதவுகள் அவை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன. சுருங்கிப்போய்ச் சரியாகத் திறக்காமல் இருப்பது ஒரு கோளாறு. சரியாக மூடாமல் ரத்தத்தைப் பின்னால் கசியவிடுவது இன்னொன்று. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். மாற்ற வேண்டி வருவது பெரும்பாலும் இடது பக்கத்து மைட்ரல் வால்வையும் அயோர்ட்டிக் வால்வையும்தான்.

நம் ஊர் வால்வு வார்டுகளில் இரண்டு தலைமுறைகள் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு கட்டிலில் இருபதுகளிலோ முப்பதுகளிலோ இருக்கும் பெண். சிறுவயதில் தொண்டைப்புண் வந்திருக்கும். பிறகு காய்ச்சலும், மூட்டு மாறி மூட்டு வீக்கமும். வீட்டில் அதைச் 'சூடு' என்று சொல்லி விட்டிருப்பார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் படை, குழம்பிப்போய்த் தன் இதய வால்வையே தாக்கிவிட்டுப் போயிருக்கும். அதுதான் ருமாட்டிக் இதய நோய். பல வருடம் அமைதியாகக் கிடந்துவிட்டு, கர்ப்பகாலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு கூடும்போது மூச்சு வாங்கவைத்துத் தன்னைக் காட்டிக்கொள்ளும். பக்கத்துக் கட்டிலில் எழுபது வயதுக்காரர். அவருடைய அயோர்ட்டிக் வால்வில் கால்சியம் படிந்து இறுகியிருக்கும். அறுபதுக்கு முன்பே அப்படி இறுகினால், மூன்று இதழ் இருக்க வேண்டிய வால்வு பிறவியிலேயே இரண்டு இதழோடு அமைந்திருக்கலாம்.

"மாத்திரையிலயே ஓட்டிட முடியாதா டாக்டர்?" என்ற கேள்வி எல்லா வீட்டிலிருந்தும் வரும். இறுகிப்போன வால்வை இளக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. அயோர்ட்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கி, மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தொடங்கிவிட்டால், ஆபரேஷன் இல்லாமல் இரண்டு மூன்று வருடம் தாண்டுவது பலருக்கும் கடினம். ஆனால் வால்வு கெட்டுவிட்டது என்றாலே மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சுருங்கிய மைட்ரல் வால்வு இளக்கமாக இருந்தால் தொடை வழியாக பலூன் விட்டு விரிக்கலாம். கசியும் வால்வைப் பல நேரம் செப்பனிட்டே சரிசெய்யலாம். "ரிப்பேர் பண்ண முடியாதா?" என்று கேட்பதில் தவறே இல்லை. நல்ல சர்ஜன் யாரும் அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்வதில்லை.

"சின்ன ஆபரேஷன்னு சொல்லியிருக்கோம்"

ஆலோசனை அறையிலிருந்து நோயாளி வெளியே வந்ததும், மகனோ மருமகனோ மட்டும் திரும்ப உள்ளே போவார். "அப்பாகிட்ட சின்ன ஆபரேஷன்னுதான் சொல்லியிருக்கோம் சார். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க. தெரிஞ்சா தாங்க மாட்டார்." பாசத்தில் சொல்வதுதான். கேட்பதற்கும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இதய ஆபரேஷனுக்கான ஆயத்தத்தில் இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறில்லை என்பேன்.

சின்ன ஆபரேஷன் என்று நம்புகிறவர் மூச்சுப் பயிற்சி செய்ய மாட்டார். பீடியை விட மாட்டார். தினமும் ராத்திரி இரண்டு 'கட்டிங்' போடுவதை டாக்டரிடம் சொல்லவும் மாட்டார். இதில் கடைசிதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், பிதற்றல், சிலருக்கு வலிப்புகூட வரும். அந்த இரண்டு மூன்று நாள், நெஞ்சைப் பிளந்து தைத்து ஐ.சி.யு.வில் கிடக்கும் நாளாக அமைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முன்பே தெரிந்தால் மயக்க மருந்து டாக்டர் அதற்கு ஏற்பாடு செய்துவிடுவார். மகன்கள் பக்கத்தில் நிற்கும்போது எந்த அப்பாவும் இதைச் சொல்வதில்லை. நோயாளியோடு டாக்டர் தனியாகப் பேச ஐந்து நிமிடம் விடுங்கள்.

சட்டமும் நோயாளி பக்கம்தான் நிற்கிறது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்காக அவருடைய அம்மாவிடம் வாங்கிய சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, நினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்தவரின் உடம்பைப் பற்றி அவர்தான் முடிவெடுக்க வேண்டும். சம்மதப் படிவத்தில் முதல் கையெழுத்து அவருடையது.

அபாயக் கணக்கையும் அவரிடமே சொல்லிவிடலாம். அயோர்ட்டிக் வால்வை மட்டும், அவசரமில்லாமல் திட்டமிட்டு மாற்றும்போது, நல்ல மையங்களில் உயிருக்கு ஆபத்து நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை. மைட்ரலுக்குச் சற்றுக் கூடுதல். வயது, சிறுநீரகம், இதயத்தின் பம்ப் செய்யும் திறன், முன்பு நடந்த ஆபரேஷன் ஆகியவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். "என் கணக்கு என்ன?" என்று கேட்டால், அதற்கென்று இருக்கும் கணிப்பு முறையில் பார்த்துச் சொல்வார்கள். நடுராத்திரியில் தானே கற்பனை செய்துகொள்ளும் கணக்கைவிட அது அநேகமாகக் குறைவாகவே இருக்கும்.

உலோகமா, திசுவா?

1960 செப்டம்பரில், அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் சர்ஜன், ஒரு கூண்டுக்குள் உருளும் பந்தை மைட்ரல் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வைத்துத் தைத்தார். அதை வடிவமைத்துக் கொடுத்த லோவல் எட்வர்ட்ஸ் டாக்டர் அல்ல. பம்புகளோடு வாழ்நாளைக் கழித்த, ஓய்வுபெற்ற இன்ஜினீயர். ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வு உலகமெங்கும் போனது. இந்தியாவுக்கும் வந்தது, இறக்குமதி விலையில். ருமாட்டிக் இதய நோய் யாரைத் தாக்கியதோ, அந்த ஏழைக் குடும்பங்களுக்கு அந்த விலை எட்டவில்லை.

அதற்குப் பதில் திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிடியூட்டில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தானின் குழு எழுபதுகளின் பின்பாதியில் உள்நாட்டு வால்வு ஒன்றைச் செய்ய உட்கார்ந்தது. முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது நின்றது. கோபால்ட்-குரோமியம் உலோகச் சட்டம், அதற்குள் சாய்ந்து திறக்கும் ஒரு பிளாஸ்டிக் வட்டு, இதயத்தோடு வைத்துத் தைக்கச் சுற்றிலும் பாலியெஸ்டர் துணி வளையம். வட்டுக்கு எடுத்துக்கொண்ட பிளாஸ்டிக், செயற்கை இடுப்பு மூட்டில் பயன்படும் அதே வகை. செம்மறியாடுகளில் சோதித்துத் தேறிய பிறகு, 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பிரஷர் குக்கர் பெயரோடு நம் அடுக்களைக்கு அறிமுகமான டி.டி.கே. குழுமம் தயாரிப்பை எடுத்துக்கொண்டது. டி.டி.கே. சித்ரா வால்வு என்று இன்றும் கேஸ் ஷீட்டுகளில் பார்க்கலாம். வலியத்தான் பிற்காலத்தில் சரகர், சுஸ்ருதர், வாக்படர் மூவரையும் பற்றிப் பெரிய புத்தகங்கள் எழுதினார். 2024 ஜூலையில், தொண்ணூறு வயதில் காலமானார்.

இன்றைக்கு நோயாளியின் முன்னால் இருக்கும் கேள்வி இரண்டு வகை வால்வுகளைப் பற்றியது. உலோகம், கார்பன், பிளாஸ்டிக் கொண்டு செய்த இயந்திர வால்வு தேயாது, பல பத்தாண்டு உழைக்கும். ஆனால் அதன் மீது ரத்தம் உறையும் என்பதால் ஆயுசு முழுக்க ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட வேண்டும். நம் ஊரில் அது அநேகமாக அசிட்ரோம், இல்லாவிட்டால் வார்ஃபரின். மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்யும் திசு வால்வுக்கு, வேறு காரணம் இல்லையென்றால், ஆரம்பத்தில் மூன்று முதல் ஆறு மாதம் வரை மாத்திரை போதும். ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் அது தேய்ந்துவிடும். இளம் வயதில் இன்னும் சீக்கிரம். பொதுவாக ஐம்பதுக்குக் கீழே இயந்திரம், அறுபத்தைந்துக்கு மேலே திசு, இடையில் பேசி முடிவு என்பது டாக்டர்கள் கைக்கொள்ளும் வழி.

என்னைக் கேட்டால், வயதைக் கேட்ட கையோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: உங்கள் வீட்டிலிருந்து ஐ.என்.ஆர். டெஸ்ட் எடுக்கும் லேப் எவ்வளவு தூரம்? ரத்தம் உறையாத மாத்திரையின் அளவு சரியா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை அது. சாதாரணமாக ஒருவருக்கு 1 என்று இருக்கும். அயோர்ட்டிக் இயந்திர வால்வுக்கு 2-லிருந்து 3, மைட்ரலுக்கு 2.5-லிருந்து 3.5 என்று வைத்திருக்கச் சொல்வார்கள். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டி வால்வே அசையாமல் நின்றுபோகலாம், கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். கூடினால் ரத்தக்கசிவு. ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை, நிலைப்பட்ட பிறகு மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். பஸ் பிடித்துப் போய்த்தான் பார்க்க முடியும், கூலியை விட்டால்தான் போக முடியும் என்றிருப்பவர் நாலு மாதம் போவார். ஐந்தாவது மாதம் விட்டுவிடுவார். வால்வு மாற்றியவர்களை மறுபடி அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரும் காரணங்களில் நிறுத்திப்போன மாத்திரைக்கு முக்கியமான இடம் உண்டு.

இளம்பெண் என்றால் கணக்கே வேறு. ரத்தம் உறையாத மாத்திரை கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருவைப் பாதிக்கக்கூடியது. அதை நிறுத்தினால் தாயின் வால்வுக்கு ஆபத்து. இரண்டாவது ஆபரேஷன் வரும் என்று தெரிந்தே திசு வால்வைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. ஊசியாகப் போடும் ஹெப்பாரினோடு மிக நெருக்கமான கண்காணிப்பில் பிள்ளை பெற்றுக்கொண்டவர்களும் உண்டு. கல்யாணமாகாத பெண் என்றால் இந்தப் பேச்சையே வீட்டில் எடுப்பதில்லை. டாக்டரும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார். விட்டுவிடவே கூடாத பேச்சு இது. மாடு, பன்றி என்பதில் மனத்தடை இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். உயிர் காக்கும் அவசியம் என்றால் பன்றி வால்வும் ஆகும் என்று சொல்லும் இஸ்லாமிய அறிஞர்கள் உண்டு. அது மனதுக்கு ஒப்பவில்லை என்றால் வேறு வகை இருக்கிறது.

நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாக அயோர்ட்டிக் வால்வைக் கொண்டுபோய் வைக்கும் முறையை, 2002-ல் பிரான்ஸின் ரூவான் நகரில் அலன் கிரிபியே முதலில் செய்து காட்டினார். டாவி என்று சொல்லும் இந்தச் சிகிச்சை நம் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது. குஜராத்தில் அதற்கான வால்வே தயாராகிறது. வயதானவர்களுக்கும் திறந்த ஆபரேஷன் தாங்காதவர்களுக்கும் வரப்பிரசாதம். செலவு பல லட்சம். ருமாட்டிக் நோயில் கெட்ட மைட்ரலுக்கு இது வழியல்ல.

காகிதமும் ரத்தமும்

தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பதில் வால்வு மாற்றும் ஆபரேஷனுக்கும் இடம் உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். ரேஷன் கார்டில் நோயாளியின் பெயர் இருக்கிறதா, ஆதாரில் இருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். இனிஷியல் ஒன்று மாறியிருந்தால்கூட, ஆபரேஷன் வாரத்தில் கலெக்டர் ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடக்க வேண்டியிருக்கும். ஆபரேஷனுக்கான ஒப்புதலை ஆஸ்பத்திரிதான் கேட்டு வாங்கும். கவுன்டரில் "அப்ரூவல் வந்தாச்சா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை அட்மிஷனுக்கு மூட்டை கட்ட வேண்டாம்.

ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். எத்தனை பேர் என்று ரத்த வங்கி சொல்லும். அதே குரூப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த குரூப் ஆனாலும் ஈடாக எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. முந்தின நாள் குடித்தவர், சமீபத்தில் பச்சை குத்தியவர் எல்லாம் திரும்பி வருவார்கள் என்பதால், கேட்டதைவிட ஓரிருவரைக் கூடுதலாகச் சொல்லிவைப்பது அனுபவஸ்தர்கள் வழக்கம்.

உறிஞ்சணும், ஊதக் கூடாது

டெஸ்ட்டுகளின் பட்டியல் நீளம்: எக்கோ, ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள், நுரையீரல் ஊதும் சோதனை. நாற்பது தாண்டிய ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஆஞ்சியோவும் எடுப்பார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் அதே ஆபரேஷனில் பைபாஸையும் சேர்த்து முடிக்கலாமே என்பதற்காக. இதெல்லாம் ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். நோயாளி பார்க்க வேண்டியது, எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்துவது என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்குவது. க்ளோப்பிடோகிரெலைப் பொதுவாக ஐந்து நாள் முன்பே நிறுத்துவார்கள். அசிட்ரோம் சாப்பிடுகிறவரைச் சில நாள் முன்பே ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவார்கள். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாள் முன்னால் நிறுத்த வேண்டும். இதில் எதையும் சொந்த முடிவில் நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது. நாட்டு மருந்து, லேகியம், பக்கத்து வீட்டார் கொடுத்த பவுடர் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள்.

மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுப்பார்கள். குழாயை வாயில் வைத்ததும் அநேகமாக எல்லாரும் செய்வது, பலம் கொண்ட மட்டும் ஊதுவது. பந்து அசையாது. "கருவி ரிப்பேர் சார்" என்பார்கள். ஊதுவதற்கானது அல்ல அது. மூச்சை வெளியே விட்டுவிட்டு, குழாயில் உதட்டை இறுக்கி, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். முதல் பந்து எழும், அடுத்து இரண்டாவது. எழுந்த பந்தை இரண்டு மூன்று நொடி மேலேயே நிறுத்திப் பிடிப்பதில்தான் பலன். ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சு வலிக்குப் பயந்து எல்லாரும் மேலோட்டமாகவே மூச்சு விடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கி நிமோனியா வரும். இழுக்கும் பழக்கம் வீட்டிலேயே கைவந்திருந்தால், வலியிலும் உடம்பு அதைச் செய்யும். பீடி, சிகரெட்டை நாலு வாரமாவது முன்பே விட்டிருக்க வேண்டும்.

காலில் ஆறாத புண், அக்குளில் கட்டி, சிறுநீர் கடுப்பு, முந்தின நாள் சளிக் காய்ச்சல், எதையும் மறைக்கக் கூடாது. தேதி போய்விடுமே என்று மறைத்து வைத்த கிருமி, ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சு எலும்புக்குள் போய் உட்காரும். வீட்டிலேயே ரேசர் எடுத்து நெஞ்சு முடியைச் சிரைத்துக்கொண்டு வருவதும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத வெட்டுகள் வழியே கிருமி புகும் என்பதால், ஆஸ்பத்திரியில் கிளிப்பர் வைத்துத்தான் எடுப்பார்கள். நகத்தில் பாலிஷும் மருதாணியும் கூடாது. விரல் நுனியில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவைத் தவறாகக் காட்டக்கூடும்.

பெண்கள் சர்ஜனிடம் கேட்காமல் சிஸ்டரிடம் மட்டும் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தாலியைக் கழட்டணுமா சிஸ்டர்?" கழற்றத்தான் வேண்டும். மெட்டி, மூக்குத்தி, இடுப்புக் கயிறு எல்லாமே. வெட்டிய இடத்தில் ரத்தத்தை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அங்கே தீக்காயம் படலாம். நெஞ்சுக்கு நடுவேதான் ஆபரேஷன் என்பதால் மஞ்சள் கயிறும் இருக்க முடியாது. தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மாமியாரோடு இந்தப் பேச்சு நடப்பதைவிட, பத்து நாள் முன்பே வீட்டில் நடந்து முடிவது நல்லது.

வீட்டைத் தயார்செய்வது

இந்தியக் கழிவறையில் குந்தி எழும்போது கை ஊன்றாமல் முடியாது. கையை ஊன்றினால் பிளந்து கம்பி போட்டுக் கட்டிய நெஞ்செலும்பில் இழுக்கும். அது சேர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். முழுப் பலம் வர மூன்று மாதம். ஆகவே கமோடு இல்லாத வீட்டில், பிளாஸ்டிக் கமோடு நாற்காலி ஒன்றை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கிப்போட வேண்டும். மருத்துவச் சாமான் கடைகளில் கிடைக்கும். சில ஊர்களில் வாடகைக்கும் தருகிறார்கள். தரையில் பாய் போட்டுப் படுக்கிறவருக்கு முழங்கால் உயரக் கட்டில் வேண்டும். குடம் தூக்குவது, பேரனைத் தூக்குவது, மாவாட்டுவது, பஸ் கம்பியைப் பிடித்து ஏறுவது, டூ-வீலர் ஓட்டுவது எல்லாம் அந்த மூன்று மாதத்துக்கு இல்லை. அந்த வேலைகளை யார் செய்வது என்று பெயர் சொல்லிப் பிரித்துவிட வேண்டும். நோயாளி வீட்டின் அம்மாவாக இருந்தால் இது மிக முக்கியம். "பாத்துக்கலாம்" என்று விட்ட வீடுகளில், அம்மா மூன்றாவது வாரம் குக்கர் தூக்கிக்கொண்டிருப்பார்.

இருமும்போது நெஞ்சோடு கட்டிக்கொள்ள ஒரு தலையணை. பார்க்க வருகிற சொந்தக்காரர்களைத் தடுத்து நிறுத்த, வாய் சாமர்த்தியம் உள்ள ஒருவர். இரண்டும் தேவை.

கண் விழிக்கும்போது

1953-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்திக் காட்டிய இதய-நுரையீரல் இயந்திரம்தான் இன்றைக்கும் இந்த ஆபரேஷனின் அடிப்படை. உடம்பின் ரத்தத்தை அது வாங்கி, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும்; அந்த நேரத்தில் பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தால் இதயத்தை நிறுத்திவிட்டு, கெட்ட வால்வை வெட்டியெடுத்துப் புதியதைத் தைப்பார்கள். இதில் நோயாளிக்கு எதுவும் தெரியாது. அவருக்குத் தெரியப்போவது கண் விழிக்கும் நேரம்.

தொண்டைக்குள் குழாய் இருக்கும்; பேச வராது. குழாயைப் பிடுங்கிவிடாதபடி கைகளை மெல்லக் கட்டியிருக்கலாம். நெஞ்சுக்குக் கீழே ரத்தம் வடியும் குழாய்கள், கழுத்தில் ஒன்று, சிறுநீருக்கு ஒன்று. எங்கும் மெஷின் சத்தம், பகலா இரவா என்று தெரியாத வெளிச்சம். இது இப்படித்தான் இருக்கும் என்று முன்பே கேட்டிருப்பவர் குழாயோடு மல்லுக்கு நிற்பதில்லை. 'வலிக்கிறது', 'தாகம்', 'மூச்சு முட்டுகிறது' என்பதற்கு மூன்று கைச்சைகைகளை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில மணி நேரத்திலோ மறுநாளோ குழாயை எடுத்துவிடுவார்கள். வயதானவர்கள் சிலர் இரண்டு மூன்று நாள் குழம்பிப் பேசுவார்கள், செத்துப்போன அண்ணன் வந்தான் என்பார்கள். பைத்தியமல்ல, பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். கண்ணாடியையும் காது மெஷினையும் சீக்கிரம் கொடுத்தால் சீக்கிரம் தெளியும். மூன்றில் ஒருவருக்காவது இதயத் துடிப்பு தாறுமாறாகி மருந்தில் சரியாகும். இதைத் தெரிந்துகொள்ளாத வீட்டார், ஐ.சி.யு. வாசலில் சிஸ்டர் சொல்வதைக் கேட்டு நிலைகுலைந்துபோகிறார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் வரும் காகிதங்களில் இரண்டைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஒன்று ஐ.என்.ஆர். நோட்டு: தேதி, அளவு, எத்தனை மில்லிகிராம். மாத்திரை தினமும் ஒரே நேரத்தில். மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகப் போட்டுக்கொள்வது கிடையாது. முருங்கைக்கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் தின்றுவிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருப்பதுதான் கணக்கைக் கெடுக்கும். வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கக் கூடாது. 'டெஸ்ட்டே எடுக்க வேண்டாத புது மாத்திரை' என்று யாராவது சொன்னால், இயந்திர வால்வுக்காரர்களுக்கு அது பொருந்தாது. டாபிகாட்ரானை இயந்திர வால்வில் சோதித்த ஆய்வு, ரத்தக்கட்டும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டு, முடிவு 2013-ல் வெளியானது. ருமாட்டிக் நோயாளிகள் வால்வை மாற்றியாகிவிட்டதே என்று 21 நாளைக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியை விட்டுவிடுகிறார்கள். டாக்டர் சொல்லாமல் விடக் கூடாது. இடுப்பில் போடும் ஊசி என்பதால் ஐ.என்.ஆர். பார்த்துவிட்டுப் போடச் சொல்வார்கள்.

இன்னொன்று வால்வு அட்டை. எந்த நிறுவனம், எந்த மாடல், என்ன அளவு, சீரியல் நம்பர், எந்தத் தேதியில் வைத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை போட்டோ எடுத்து வீட்டில் மூன்று பேர் போனிலாவது வைத்துக்கொள்ளலாம். பல் பிடுங்கப் போகும் இடத்தில் முதலில் நீட்ட வேண்டியது அந்த அட்டையைத்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகே அவர்கள் கை வைப்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள். ஊரில் காய்ச்சல் வந்து இரண்டு நாளில் இறங்கவில்லை என்றால், டாக்டரிடம் அட்டையைக் காட்டி ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைகூட விழுங்கியிருக்கக் கூடாது. விழுங்கிவிட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் போய்விடும். எந்த மருந்தால் அடிப்பது என்று தெரியாமலே சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருக்கும்.